பட்டினி போட்ட புல்

அந்த வருஷம் போட்டிக்குத் தேதி வரவே இல்லை. வராத தேதிக்காகப் புல்லுக்காரர் புல்லைப் பட்டினி போட்டுக் காத்திருந்தார்.

கோல்ஃப் மைதானத்தில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மழித்துவிட்ட தலை மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். மற்ற இடத்துப் புல் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கிரீனில் மட்டும் பந்து சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல ஓட வேண்டும். தொழிலாக ஆட வருகிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதற்குப் புல்லை ஒட்ட வெட்டி, தண்ணீரைக் குறைக்க வேண்டும். "சாகவும் கூடாது, சுகமா இருக்கவும் கூடாது. அந்த நடுவுல நிறுத்தி வைக்கணும்" என்பார் புல்லுக்காரர். போட்டி நடக்கிற ஒரு வாரம் அது தாங்கும். கோப்பையைக் கொடுத்துக் கைதட்டி முடிப்பதற்குள் அவர் குழாயைத் திறந்துவிடுவார். ஒரு வருஷம் மேடையில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுழன்றடித்து முன்வரிசைக்காரர்களின் கோட்டெல்லாம் நனைந்தது.

மைதானத்தின் பின்பக்கம், இயந்திரக் கொட்டகையை ஒட்டி, வேலைக்காரர்களுக்கான வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே பாத்திர மூடி விழுந்தால் இங்கே எங்கள் அம்மா "எதைக் கவுத்தீங்க?" என்று கேட்பாள். அந்த வீட்டில் மூன்று பேர். புல்லுக்காரர். அவர் மனைவி, கிளப்பில் துண்டும் விரிப்பும் துவைக்கிறவள், எல்லோருக்கும் துண்டக்கா. ஒரே மகள் கொடி. குழியில் நட்ட கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவள் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவளுக்குக் கிளப் ஆபீசில் தொலைபேசி எடுக்கிற வேலை. மூன்று பேர் என்றேன். சாப்பாட்டு நேரத்துக்கு நான்கு பேர். துண்டக்காவின் தம்பி, ஆட்டக்காரர்களுக்குப் பை சுமக்கிறவர், கொட்டகையில் படுத்துக்கொண்டாலும் தட்டு அக்கா வீட்டில்தான்.

போட்டி தொடங்கிய வருஷத்தில்தான் புல்லுக்காரருக்கும் துண்டக்காவுக்கும் கல்யாணம். முதல் போட்டியில் காற்றில் கூடாரம் பறந்துபோய்க் குளத்தில் விழுந்ததாம். ஆட வந்தவர்களைவிட வேடிக்கை பார்த்த வேலைக்காரர்கள்தான் அதிகமாம். அப்புறம் வருஷா வருஷம் வளர்ந்தது. பல நாட்டு ஆட்டக்காரர்கள், பந்தோடு கூடவே ஓடும் கேமராக்காரர்கள், கயிறு கட்டி நிறுத்திய கூட்டம். அந்த வீட்டில் எதற்கும் தேதி கிடையாது, போட்டிதான். கொடி பிறந்தது மூடுபனிப் போட்டியில். புல்லுக்காரரின் அப்பா செத்தது, இரண்டு பேர் சமமாக நின்று இருட்டும்வரை ஆடிய போட்டியில். பைக்கார மாமா குடியை விட்டது மழைப் போட்டியில். அந்த மழைப் போட்டியின் கடைசி நாளில் கிரீனில் தண்ணீர் நின்றபோது, துண்டக்கா கிளப்பில் இருந்த குளியல் துண்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து விரித்து ஒற்றி எடுத்தாள். "நான் துடைச்ச இடத்துல பந்தை உருட்டித்தான் அந்த ஆளு கோப்பையைத் தூக்கினான். ஒரு வார்த்தை சொன்னானா பாரு" என்று இன்னமும் சொல்லுவாள்.

பிறகு போட்டி இளைக்கத் தொடங்கியது. பணம் போட்ட சோப்புக் கம்பெனி போய் டயர் கம்பெனி வந்தது. அதுவும் போய், பேரைப் படித்தால் என்ன விற்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கம்பெனி வந்தது. பெரிய ஆட்டக்காரர்கள் நின்றுபோனார்கள். கேமரா நின்றது. கயிறு கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஒரு வருஷம் நடக்காமலே போய், அடுத்த வருஷம் ஒன்றும் ஆகாத மாதிரி நடந்தது. அதனால் இந்த முறை தேதி தள்ளிப்போனபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன மாமா, உங்க புல்லு இன்னைக்காவது சாப்பிட்டுச்சா?" என்பார் பைக்கார மாமா, தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"மத்தியானம் கொஞ்சம் தெளிச்சேன். நாக்கு நனையுற அளவுக்கு."

"அக்கா, எனக்கு அந்தக் கணக்குல போட்டுடாதே. நான் சுமக்கிறவன்."

"நீ சுமந்த லட்சணம் ஊருக்கே தெரியும். டாக்டரோட பையைக் குளத்துல போட்டவன்தானே?"

"நான் எங்க போட்டேன்? பை தானா குதிச்சுது. அவர் ஆடுற ஆட்டத்தைப் பக்கத்துல இருந்து பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

புல்லுக்காரர் சிரிக்க மாட்டார். வாயோரம் மட்டும் கொஞ்சம் இழுக்கும். பிறகு மகளைப் பார்ப்பார்.

"ஏம்மா கொடி, ஆபீஸ்ல தேதி ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"இல்லப்பா."

"செயலாளர் என்ன சொல்றாரு?"

"எனக்கு என்னப்பா சொல்லப் போறாரு?"

அவள் தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துவிடுவாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் தகரத்தைத் தாண்டி வரும். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவாள்.

புல்லுக்காரர் நேராகச் செயலாளரிடமே போய்க் கேட்டார், ஒரு தடவை அல்ல. செயலாளர் நல்ல மனுஷர் என்றுதான் பேர். யாரிடமும் கத்த மாட்டார், போகிறவனைக் கூப்பிட்டு டீ கொடுக்கச் சொல்லுவார். "எப்ப வேணாலும் போட்டி நடத்துறவங்க வந்து பந்தை உருட்டிப் பாப்பாங்க. தயாராவே இருக்கட்டும்" என்றார். அடுத்த தடவையும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை, எழுதிக்கொண்டிருந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

வெயில் அந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் பனி காய்வதற்குள் தரை சுட்டது. கிரீனின் நிறம் முதலில் பச்சையிலிருந்து ஒரு மாதிரி நீலம் கலந்த சாம்பலுக்கு மாறியது. தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. புல்லுக்காரர் அதன்மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அவர் காலடி அப்படியே பதிந்து கிடக்கும். உயிருள்ள புல் மிதித்தால் நிமிர வேண்டும். இது நிமிரவில்லை.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்றார் வீட்டில்.

"தண்ணியை விட்டுத் தொலைங்களேன். வர்றவன் வந்து பாத்துக்கட்டும்" என்றாள் துண்டக்கா.

"விட்டா பஞ்சு மாதிரி ஆயிடும். மறுநாளே ஆள் வந்து நின்னா? பந்து ஓடலைன்னு எழுதிட்டுப் போயிடுவான். போட்டியை வேற எங்கயாவது கொண்டு போயிடுவாங்க. அப்புறம் நாம எதுக்கு?"

"நீங்க புல்லைக் கட்டிக்கிட்டீங்களா, என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

"உன்னைப் பட்டினி போட்டா நீ விடுவியா?"

அந்த ஒரு தடவை அவரே சொல்லி அவரே சிரித்தார். எங்கள் அம்மா இந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். கொடியின் குரல் மட்டும் கேட்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து ஓரங்களில் பழுப்புத் தட்டியது. அதற்கடுத்த வாரம் அது நடுவுக்கு வந்தது. அப்போது அவர் தண்ணீர் விட்டார், யாரையும் கேட்காமல், விடியலில் தொடங்கி வெயில் ஏறும்வரை. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று ஓரமாக வழிந்து போனது. மண் செங்கல் மாதிரி இறுகிவிட்டிருந்தது. கூர்க் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தி விட்டார். பைக்கார மாமாவும் கேலியை விட்டுவிட்டுக் கூடக் குத்தினார். புல் வரவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லா வேலைக்காரர்களையும் கொட்டகைக்கு முன்னால் கூடச் சொன்னார்கள். செயலாளர் வந்தார். கூட இரண்டு கமிட்டிக்காரர்கள். போட்டி இந்த வருஷம் இல்லை என்றார் செயலாளர். இனி எந்த வருஷமும் இல்லை. நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் வருத்தம்தான் என்றார். கூட்டத்தில் யாரோ ஏன் என்று கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"கிரீனோட நிலைமையை நீங்களே பாக்குறீங்க. இதுல எவன் வந்து ஆடுவான்?"

அவ்வளவுதான் சொன்னார். பேர் சொல்லவில்லை. கூட்டம் முழுக்கப் புல்லுக்காரரைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கமிட்டி கூடி இதை விசாரிக்கும் என்று கமிட்டிக்காரர் ஒருவர் சொன்னார். விசாரணை என்றால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை போனால் வீடும் போகும். அந்த வீடு கிளப்பினுடையது.

அன்று அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

"நாக்கு மேல பல்லைப் போட்டு எப்படிச் சொன்னான் அவன்?" துண்டக்கா கத்தினாள். "தயாரா வைன்னு சொன்னது யாரு? இவன்தானே? வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே நீங்க? மரம் மாதிரி நிக்கிறீங்க!"

"புல்லு என் பொறுப்பு."

"பொறுப்பாம் பொறுப்பு!"

"அக்கா, சும்மா இரு" என்றார் பைக்கார மாமா. "மாமா, எனக்கு ஒண்ணு உறுத்துது. போன மாசமே அந்தக் கம்பெனிக்காரன் விளம்பரப் பலகையெல்லாம் வண்டி வெச்சு ஏத்திட்டுப் போயிட்டான். பெயிண்ட் அடிக்கப் போகுதுன்னு சொன்னாங்க. போட்டி நடத்தப் போறவன் எதுக்குப் பலகையைக் கழட்டணும்? புல்லு செத்ததாலயா போட்டி நின்னுச்சு? எனக்கு அப்படித் தெரியலை."

அப்புறம் கொடியின் குரல் கேட்டது. அவ்வளவு நாளாகக் கேட்காமல் இருந்ததால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"போட்டி இல்லைன்னு. கம்பெனியிலேருந்து ஃபோன் வந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பேசினது முழுக்கக் கேட்டுச்சு. பணம் போட மாட்டோம், நிறுத்திக்கிறோம்னாங்க. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, உறுப்பினருங்க கூட்டம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னாரு. விட்டா வேலை போயிடும்னாரு."

"எப்ப?" என்றார் புல்லுக்காரர்.

"பலகையை எடுக்கறதுக்கு முன்னாடி."

வெயில் ஏறிய நாட்களை, காலடி பதிந்த நாளை எல்லாம் அவர் திரும்ப நடந்து பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப விட்டிருந்தா பொழைச்சிருக்கும்" என்றார்.

"எனக்குத் தெரியாதுப்பா! போட்டி இல்லேன்னா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் நினைச்சேன். தேதி வரும் வரும்னு நீங்க நம்பிக்கிட்டு இருக்கறது... இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்னு விட்டேன். அதுல புல்லு சாகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்னைக்குப் புல்லைப் பாத்தேன்?"

அடி விழுந்த சத்தம் கேட்டது. துண்டக்காதான். ஒன்று, அப்புறம் இன்னொன்று. "பெத்த அப்பன் தினமும் வாயைப் பாத்து கேட்டாரேடி! தினமும் கேட்டாரேடி!" பைக்கார மாமா விலக்கினார் போலிருக்கிறது. பிறகு துண்டக்கா அழுதாள். அடித்தவள் அழுதாள், அடி வாங்கியவள் அழவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் துண்டக்காவே சொன்னாள். "நாளைக்கு கமிட்டியில போய் இதைச் சொல்லு. ஃபோன் வந்ததைச் சொல்லு. அவன் முகத்துக்கு நேரா சொல்லு."

"சொல்றேன்."

"சொல்லக் கூடாது" என்றார் புல்லுக்காரர்.

"ஏன்?"

"அவளுக்கு வேலை போகும்."

"உங்களுக்குப் போறது?"

"எனக்குப் போனா ஒண்ணோட போகும். அவளுக்கு இருந்தா ஒரு ரூம் பாத்து மூணு பேரும் இருந்துக்கலாம். கொடி, நீ வாயைத் திறக்கக் கூடாது. சொல்லு."

"சரிப்பா" என்றாள் கொடி.

அவள் சரி என்ற விதத்திலேயே அது சரி இல்லை என்று தெரிந்தது. எங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரிந்தது. அவருக்கு மட்டும் தெரியவில்லை. கிரீனில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர்.

கமிட்டியில் நடந்ததைப் பைக்கார மாமா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் யாருடைய பையையோ தோளில் மாட்டிக்கொண்டு, திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். வந்தவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா வீட்டுக்குள் போக அவருக்குத் தைரியம் இல்லை.

"முதல்ல மாமாவைத்தான் கூப்பிட்டாங்க" என்றார் எங்கள் அம்மாவிடம். "உள்ளே போனதும் உக்காரச் சொன்னாங்க. உக்காரலை. என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. மனுஷன் ஒரே மூச்சுல சொல்லிட்டாரு. செயலாளர் தண்ணி விடச் சொன்னாரு, நான்தான் கேக்கலை, என் பிடிவாதம், என் தப்புன்னு."

"அவர் எங்க தண்ணி விடச் சொன்னாரு?"

"அதைத்தான் சொல்றேன். செயலாளருக்கே ஒண்ணும் புரியலை. பேய் அறைஞ்ச மாதிரி பாத்தாரு. அப்புறம் மெல்லத் தலையை ஆட்டிக்கிட்டாரு. ஆமா, நான் சொன்னேன்னு."

"பாவி மனுஷா!"

"மாமா வெளிய வந்து என்னைப் பாத்து, முடிஞ்சு போச்சு மாப்ளேன்னாரு. முகத்துல ஒரு நிம்மதி. அப்படியே கொட்டகைப் பக்கம் போயிட்டாரு. அவர் தலை மறைஞ்சிருக்காது, கொடி வர்றா. ஆபீஸ் பக்கத்துக் கதவைத் திறந்துக்கிட்டு நேரா உள்ள போயிட்டா. ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னா தோள்ல பை. இதைக் கீழ வைக்கறதுக்குள்ள அவ பேசிட்டா. எல்லாத்தையும். ஃபோன் வந்தது, கம்பெனி சொன்னது, மூச்சு விடாதேன்னது."

"நம்பலையா?"

"யாரு நம்புவா? ஒரு பெரியவர், நல்லவர்தான், எனக்குக்கூட எப்பவும் ஏதாவது தருவாரு. அவர்தான் சொன்னாரு. உங்க அப்பாவே இப்பத்தாம்மா ஒத்துக்கிட்டுப் போனாரு, நீ எதுக்கு இப்படிப் பொய் சொல்றே? அப்பா மேல பாசம் இருக்க வேண்டியதுதான், அதுக்காக அடுத்தவர் மேல பழி போடலாமான்னு. கொடி அப்படியே நின்னுச்சு. எங்கப்பாவா, எங்கப்பாவான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. செயலாளர் மட்டும் நிமிரவே இல்லை. நாளையிலேருந்து அந்தப் பொண்ணு வர வேண்டாம்னு மட்டும் சொன்னாரு. ரொம்ப மெதுவாத்தான் சொன்னாரு."

எங்கள் அம்மா டீ போட்டு வந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது குறைவு. துண்டக்கா யாரையும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. துணி, பாத்திரம், படுக்கை என்று ஒவ்வொன்றாகக் கட்டி வாசலில் அடுக்கினாள். எங்கே போகிறார்கள் என்று கேட்டால் "பாக்கணும்" என்பாள். வேலையில் இருந்தவர்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. புல்லு செத்ததால் போட்டி நின்றது என்பதை எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். சொல்ல வசதியான கதை. கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் வெற்றியாளர் படங்களைப் பார்த்துவிட்டு, இப்போது ஏன் நடப்பதில்லை என்று கேட்டால், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஆள் தண்ணீர் விட மறந்துவிட்டான் என்கிறார்கள். பட்டினி போட்டது போய் மறதி என்று ஆகிவிட்டது.

பாதிக் குழிகளை மூடி அந்த இடத்தில் கார் நிறுத்தப் போவதாக முடிவானது. செத்த புல்லைப் பெயர்த்து எடுக்க நாள் கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. வேலையிலிருந்து நிறுத்தியபோது வீட்டைக் காலி செய்யக் கொடுத்த கெடு இன்னும் முடியாததால், ஆள் எடுத்த மேஸ்திரி புல்லுக்காரரையும் கூப்பிட்டார். அவர் போனார். அடுத்த நாள் கொடியும் போனாள். அம்மா அனுப்பினாளா, அவளே போனாளா தெரியாது.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து அந்தக் கிரீன்களில் ஒன்று தெரியும். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் மண்டிபோட்டு வேலை செய்தார்கள். அவர் மண்வெட்டியால் அடியில் கொடுத்து நெம்புவார். பாய் சுருட்டுவதுபோல அவள் சுருட்டிக் கூடையில் போடுவாள். ஆபீஸ் வேலைக்குப் போட்டுப் போன சட்டையையே போட்டிருந்தாள். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் செய்ததைப் பற்றி மற்றவர் கேட்கவும் இல்லை.

மறுநாள் நான் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோனேன். கொடி ஒரு புல் துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வைக்கோல் நிறம். அடியில், மண்ணுக்குள், நூல் நூலாக வெள்ளையாக ஏதோ இருந்தது.

"அப்பா" என்றாள்.

அவர் திரும்பினார்.

"வேரு வெள்ளையா இருக்கு."

அவர் அந்தத் துண்டை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். நகத்தால் ஒரு வேரைக் கிள்ளினார். கசிந்தது. விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"உயிர் இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி விட்டா வருமா?"

"ம்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. குழாய் பக்கத்தில்தான் இருந்தது. அவர் அந்தத் துண்டை அவள் கூடையில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

"அதை ஏன் பாத்துக்கிட்டு இருக்கே. எடு. மேஸ்திரி வர்றாரு."